வழக்காடியும் மூலவோலையும்

புத்தூர் மணப்பந்தலில் சுந்தரரைத் தடுத்து நிறுத்திய முதியவர், அவர் தமக்கு வழியடிமை என்று கூறி ஓலை ஒன்றைக் காட்டினார். சினங்கொண்ட சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிந்தார். முதியவரைப் பித்தர் என்றும், வழக்காடியே பழகியவர் என்றும் இகழ்ந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அவையோர் முதியவரை விரட்டவில்லை. கிழிந்தது படியோலையே என்று சொல்லி அவர் நீட்டிய மூலவோலையை வாங்கினர். சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு எழுத்தை ஒப்புநோக்கினர். முதியவர் பக்கமே தீர்ப்பளித்தனர். சேக்கிழார் பாடிய இவ்வரலாற்றைப் பக்திச் சுவைக்காகவே பயில்கிறோம். ஆயினும் நீதிமுறை பற்றிய வினா ஒன்றும் அதனுள் உறைகின்றது. ஓயாத வழக்காடி எனப் பெயரெடுத்தவரிடமும் மெய்யான ஓலை இருக்கக்கூடுமன்றோ?

மலேசியச் சட்டம் இவ்வினாவுக்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அதன் வேர் இங்கிலாந்தில் உள்ளது. அங்கே சொலிசிட்டராயிருந்த அலெக்சாண்டர் சாஃபர்ஸ் என்பார் உயர்குடிப் பெருமக்கள் மீது வழக்குமேல் வழக்காகத் தொடுத்தார். விதிக்கப்பட்ட செலவுத் தொகையையும் கட்டவில்லை. அதன் விளைவாக 1896இல் தொல்லை வழக்குகளுக்கு எதிரான சட்டம் பிறந்தது. தக்க காரணமின்றி விடாப்பிடியாக வழக்காடுவோர் இனி அனுமதியின்றி வழக்குத் தொடுக்கலாகாது என உயர்நீதிமன்றம் ஆணையிடலாம். ஆனால், இச்சட்டம் குற்ற வழக்குகளைக் கட்டுப்படுத்தாது என்று பின்னர் தீர்ப்பாயிற்று. முன்வாயிலில் தடுக்கப்பட்டவர் பக்கவாயிலில் நுழையலாம் என்றானது!

சென்னை மாகாணம் 1949இல் இயற்றிய சட்டம் அப்பக்கவாயிலையும் விட்டுவைக்கவில்லை. சிவில், குற்றம் ஆகிய இருவகை வழக்குகளும் அதில் அடங்கின. அட்வகேட் ஜெனரலின் விண்ணப்பத்தின் பேரில் உயர்நீதிமன்றம் ஆணையிடும். அதன்பின் அம்மனிதர் வழக்குத் தொடுக்கச் சென்னை நகரில் உயர்நீதிமன்றத்தின் அனுமதியும், பிற ஊர்களில் மாவட்ட நீதிபதியின் அனுமதியும் பெறுதல் வேண்டும். இது குடிமகனின் உரிமையைப் பறிப்பதன்றோ என்னும் வாதம் இந்திய உச்சநீதிமன்றம் வரை சென்றது. கதவு அடைக்கப்படவில்லை, நுழையுமுன் காரணம் கேட்கப்படுகிறது என்ற கருத்தில், இச்சட்டம் அரசமைப்புக்கு முரணன்று என 1965இல் அந்நீதிமன்றம் கூறியது.

மலேசியாவில் இவ்வதிகாரம் 1964ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் அட்டவணையில், 17ஆம் பத்தியில் உள்ளது. அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்குரியது, ஆணையோ எல்லா நீதிமன்றங்களையும் தழுவுவது. ஆணைக்கு உட்பட்ட ஒருவர் செலாயாங் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வாடகைப் பாக்கிக்காக வழக்கிட விழைந்தாலும், முதலில் உயர்நீதிமன்ற நீதிபதியின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். ஆணையின் படி அரசாங்கக் கெஜட்டில் வெளியிடப்படும். பெயர் அச்சேறுவது சிறு தண்டனையன்று.

பொய்வழக்கில் இழுக்கப்பட்டவரின் துன்பமும் பெரிது. வேலைநாள் போகும், வழக்குரைஞர் கட்டணம் ஏறும். வென்றாலும் கையில் மிஞ்சுவது சொற்பமே. அவரைக் காப்பது நேர்மையான நோக்கம். எனினும், தோற்றவர் எல்லாரும் தொல்லைக்காரர் ஆகார். வழக்குரைஞரை அமர்த்த வசதியின்றித் தாமே மனு எழுதி, முறை பிழைத்ததால் இருமுறை தோற்ற ஏழையும் உண்டு. சட்டத்தில் உள்ள ‘வழக்கமாக’, ‘தக்க காரணமின்றி’ என்னும் சொற்களே அவருக்குக் காப்பு. அவற்றை எடைபோடாது ஆணை பிறந்தால் அநீதி நேரும்.

அனுமதி கோரும் வேளையில் நீதிபதி பார்ப்பது பழைய தோல்விகளை மட்டுமன்று. முதல் நோக்கிலேயே ஆதாரம் தெரிகின்றதா என்பதே சென்னைச் சட்டம் வைத்த அளவுகோல். திருவெண்ணெய்நல்லூர் அவையோரும் முதியவரிடம் கேட்டது அதைத்தான்: மூலவோலை எங்கே?