பனியில் நின்ற இருவர்: ஆங்கில நாட்டுப்புற ஒளிப்பட வரலாற்றில் ஒரு பக்கம்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தவர் தொல்காப்பியர். இவ்விரண்டும் அமைந்த பின்னரே கருப்பொருளும் உரிப்பொருளும் வந்து பொருந்தும் என்பது நம் கவிதை இலக்கணம். கூதிரும் முன்பனியும் பின்பனியும் நமக்குப் பாட்டில் பழகிய பெரும்பொழுதுகள். ஆயினும் ஏரி உறைந்து கல்லாய்க் கிடக்கும் பனிக்காலம் நம் பட்டறிவுக்கு அப்பாற்பட்டதே. அத்தகைய பொழுதில் ஒளிப்படக் கருவியுடன் சதுப்பிலும் வயலிலும் நின்ற இங்கிலாந்துக் கலைஞர் இருவரின் வரலாறு, கவிதை எழுதுவோர்க்கும் ஒரு வினாவை விட்டுச் சென்றிருக்கிறது.

முதலாமவர் பீட்டர் ஹென்றி எமர்சன். 1856-இல் கியூபாவில் பிறந்தவர். தந்தை அமெரிக்கர், தாய் ஆங்கிலேயர். மருத்துவம் பயின்று பட்டம் பெற்றும் அத்தொழிலைக் கைவிட்டு ஒளிப்படத்துக்கு வந்தார். அவர் தேர்ந்த களம் கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் பகுதிகளில் ஆறுகளும் ஏரிகளும் பின்னிக் கிடக்கும் ‘பிராட்ஸ்’ என்னும் நீர்நிலம். அங்குப் பனிக்காலம் ஓய்வுக்காலம் அன்று. உறைபனி விழுந்து நாணலின் இலைகள் உதிர்ந்த பின்னரே தண்டுகளை அறுப்பர். கட்டுக்கட்டாகப் படகில் ஏற்றுவர். அவை கூரை வேயப் பயன்படும். பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைந்துவிடும் அந்நாட்களில், மங்கிய ஒளியிலேயே அத்தனை வேலையும் நடந்தாக வேண்டும்.

ஓவியர் கூடாலுடன் சேர்ந்து எமர்சன் 1886-இல் வெளியிட்ட நார்ஃபோக் நீர்நில வாழ்க்கை பற்றிய நூலில் 40 பிளாட்டினப் படங்கள் இடம்பெற்றன. நாணல் அறுவடையும், நாணற்போர் அடுக்கலும், சதுப்பிலிருந்து வீடு திரும்புவோரும் அவற்றுள் உண்டு. அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து குவிந்ததால் ஆங்கில உழவு நலிந்திருந்த காலம் அது. 1888-இல் வந்த கிழக்கு ஆங்கிலிய வாழ்க்கைப் படநூலில் உழவரின் வறுமையையும் அவர் விரிவாக எழுதினார்.

1889-இல் ‘இயற்கைநெறி ஒளிப்படக்கலை’ என்னும் நூலைப் படைத்தார். மனிதக் கண் பார்வையின் நடுப்பகுதியை மட்டுமே தெளிவாகக் காண்கிறது. ஓரங்கள் மென்மையாகக் கரைகின்றன. படமும் அவ்வாறே அமைய வேண்டும் என்பது, ஹெல்ம்ஹோல்ட்ஸின் கண்ணியல் ஆய்வுகளைத் துணைக்கொண்டு அவர் நிறுவிய கொள்கை. ஹென்றி பீச் ராபின்சன் 1858-இல் ஐந்து நெகடிவ்களை ஒட்டிச் சேர்த்து ஒரு மரணப்படுக்கைக் காட்சியை உருவாக்கியிருந்தார். அத்தகைய ஒட்டுவேலையை எமர்சன் கடுமையாகச் சாடினார். ஆனால் அவரும் உழைப்போரைத் தமக்கு வேண்டியவாறு நிற்கவைத்தே பல படங்களை எடுத்தார் என்பதை மறைப்பதற்கில்லை.

பின்னர் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் திருப்பம். 1890-இல் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்னும் இரு ஆய்வாளர்கள், தகட்டில் பதியும் ஒளிநிழல் அளவுகள் வேதியியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை என அளந்து காட்டினர். கலைஞன் தன் விருப்பப்படி அவற்றை ஆள இயலாது என்றால் ஒளிப்படம் எவ்வாறு கலையாகும்? எமர்சன் கலங்கினார். 1891-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இரங்கல் மடல்போல் கறுப்புக் கரையிட்ட ஒரு சிறு வெளியீட்டில் தம் கொள்கை இறந்துவிட்டதாகத் தாமே அறிவித்தார்.

அந்தப் பனிக்காலம் எளியதன்று. 1659 முதல் தொடரும் நடு இங்கிலாந்து வெப்பநிலைப் பதிவேட்டில் மிகக் குளிர்ந்த டிசம்பர் 1890-இன் டிசம்பரே; அதன் சராசரி உறைநிலைக்கும் கீழ். அக்குளிரில் எமர்சன் சரக்குப் பாய்மரப் படகொன்றில் அந்நீர்நிலத்திலேயே உலவிக்கொண்டிருந்தார். கலையன்று எனத் தாம் துறந்த கருவியை அவர் கீழே வைக்கவில்லை என்பது ஈண்டு கருதத்தக்கது. 1893-இலும் 1895-இலும் வந்த அவருடைய இறுதிப் படநூல்கள் இரண்டும் இத்துறவுக்குப் பின் தோன்றியவை. 1895-இன் ‘சதுப்பு இலைகள்’ 16 படங்களே கொண்டது. செப்புத்தகட்டில் பொறித்து மையால் அச்சிட்டவை. அவற்றுள் மூடுபனியில் கரையும் தனித்த ஏரி உண்டு. வெண்பனி போர்த்த தோட்டம் உண்டு. கொள்கை முழக்கம் இல்லை. கோட்பாட்டின் சுமை இறங்கிய பின்னரே அவர் கண் முழுமையாகத் திறந்தது என்பது என் கருத்து. அதன்பின் புதிய படநூல் எதையும் வெளியிடாமலே 1936-இல் மறைந்தார்.

இயற்கை என்று அவர் போற்றிய அந்த ஏரிகளும் இயற்கையானவை அல்ல. இடைக்காலத்து மக்கள் எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டிய பள்ளங்களில் பின்னாளில் நீர் புகுந்து உண்டானவை அவை என்பதைத் தாவரவியலாளர் ஜாய்ஸ் லாம்பர்ட் 1950-களில் மெய்ப்பித்தார். பெயர் அறியாத உழைப்பே அங்கு நிலமாகக் கிடந்தது.

இரண்டாமவர் ஜேம்ஸ் ரவிலியஸ் (1939–1999). ஓவியர் எரிக் ரவிலியஸின் மகன். 1972-இல் மேற்கு இங்கிலாந்தின் வட டெவன் பகுதிக்கு வந்து, பீஃபோர்ட் கலை மையத்துக்காக அவ்வட்டார வாழ்வைப் பதிவுசெய்யத் தொடங்கினார். குறுகிய காலப் பணியாகத் தொடங்கியது 17 ஆண்டுகள் நீண்டது. எடுத்த படங்கள் 70,000-க்கும் மேல். பழைய லைக்கா கருவியில் பூச்சற்ற பழைய வில்லைகளைப் பொருத்தி, பனிக்கால வானத்தின் மெல்லொளியை அதன் மென்மை குன்றாமல் பிடித்தார். அவர் யாரையும் நிறுத்தி வைக்கவில்லை, அயலாராகவே வாழ்ந்தார். பனியில் வைக்கோல் சுமப்பவரும், நோயுற்ற ஆட்டைக் கொண்டு செல்பவரும் அவருக்கு நாள்தோறும் பழகிய முகங்கள்.

இருவரையும் ஒப்பிடுகையில் நம் மரபே ஓர் அளவுகோல் தருகிறது. எமர்சனின் படத்தலைப்புகள் பெரும்பாலும் தொழிலைச் சுட்டும். ஆளின் பெயரைச் சுட்டா. ரவிலியஸின் பதிவுகளில் ஆளின் பெயரும் ஊரின் பெயரும் பலவற்றில் உண்டு. அகத்தில் பெயர் சுட்டலாகாது, புறத்தில் பெயர் நிற்கும் என்று நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். பெயரற்ற நாணல் அறுப்பவன் எல்லாப் பனிக்காலத்துக்கும் உரியவனாகிறான்; அதற்கு அவன் கொடுத்த விலை தன் பெயர். பெயருள்ள உழவரோ ஒரே ஒரு பனிக்காலத்துக்கு உரியவர். ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகள் அப்படத்தில் அவரைக் கண்டுகொள்வர்.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவெய்தும் இவ்வேளையில், கவிஞராகிய நாம் இவ்விரண்டில் எதைச் செய்திருக்கிறோம்? உழைப்பாளியைப் பாடிய நம் பாடல்கள் பல. அவற்றுள் அவர் பெயர் அறிந்து எழுதியவை எத்தனை? அகத்தின் மௌனம் அழகுதான். எனினும் அது அறிந்தும் சொல்லாத மௌனமாக இருத்தல் வேண்டும். அறியாமையின் மௌனமாக இருத்தல் கூடாது.