காட்டை வெட்டினால் காய்ச்சல் போகுமா?

கொசு கடித்தால் மலேரியா வரும் என்பது நமக்குத் தெரியும். எந்தக் கொசு, எந்தத் தண்ணீரில் வளர்வது என்று கேட்டிருக்கிறோமா? நம் தோட்டங்களில் பல உயிர்கள் போனதும் தப்பியதும் இந்தக் கேள்வியில்தான்.

1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அது. சுற்றிலும் சதுப்பு. சில மாதங்களிலேயே வேலையாட்கள் குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அதே ஆண்டு கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், காட்டை வெட்டிச் சதுப்பு நீரை வடிக்கச் சொன்னார். காய்ச்சல் குறைந்தது. மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்பதற்கு ரொனால்ட் ராஸ் இந்தியாவில் சான்று கண்டு அப்போது நான்கே ஆண்டுகள்!

இதே வைத்தியம் மலைப்பாங்கான தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது. கடலோரச் சதுப்பில் நிழல் நீரில் முட்டையிடும் கொசு வேறு. வெயில் படும் தெளிந்த ஓடை நீரைத் தேடும் 'மாகுலேட்டஸ்' கொசு வேறு. ரப்பர் நட மரங்களைச் சாய்த்ததும் ஓடைகளில் வெயில் விழுந்தது, அந்தக் கொசு பெருகியது. ஓடைப் பள்ளத்தை ஒட்டிய லயங்களில் இருந்தவர்கள் பாடு சொல்லவே வேண்டாம். கங்காணியோடு கப்பலேறி வந்த நம்மவர் பலருக்கு இந்த நோயை எதிர்க்கும் சக்தியும் உடம்பில் இல்லை.

ஆள் பலவீனம் என்று பழி போடுவது சுலபம். தண்ணீரைச் சீர்படுத்தப் பணம் வேண்டும். வாட்சன் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓட வைத்தார். முடியாத இடங்களில் எண்ணெய் தெளித்தார்கள். கொய்னா மாத்திரையின் கசப்பைப் பற்றிச் சொல்லாத தோட்டத்துப் பாட்டி உண்டா? ஆனால் மாத்திரை மட்டும் கொடுத்து ஓடையை அப்படியே விட்டால், காய்ச்சல் திரும்பி வரத்தானே செய்யும்?

2018-இல் மனிதரிடையே பரவும் உள்நாட்டு மலேரியா மலேசியாவில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. இப்போது நம்மை வாட்டுவது குரங்கு மலேரியா. சரவாக்கின் கபிட் வட்டாரத்தில் மனிதரிடம் இது பரவலாகக் காணப்பட்டதை 2004-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். காடு சுருங்கச் சுருங்கக் குரங்கும் கொசுவும் மனிதனும் நெருங்கி வருகிறார்கள். காட்டோரத் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கே ஆபத்து அதிகம். காட்டுப் பக்கம் போய் வந்தபின் காய்ச்சல் கண்டால், மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.