ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் கூட்டாகத் தொகுக்கும் கட்டற்ற இணைய நிலப்படத் திட்டம் ஆகும். 'திறந்த தெரு நிலப்படம்' என்பது இப்பெயரின் பொருள். இது 2004 ஆம் ஆண்டு ஐக்கிய இராச்சியத்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவரால் தொடங்கப்பட்டது. விக்கிப்பீடியாவைப் போலவே, பயனர் கணக்கு உருவாக்கிக்கொண்ட எவரும் இதனைத் தொகுக்க இயலும்.

வணிக நிறுவனங்களின் இணைய நிலப்படங்கள் பெரும்பாலும் படத்தைப் பார்ப்பதற்கு மட்டுமே இலவசமானவை. அப்படத்திற்கு அடிப்படையான தரவு நிறுவனத்தின் உடைமையாகவே இருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அத்தரவையே பொதுமக்களுக்கு வழங்குகிறது. எனவே இதனைப் பதிவிறக்கவும், அச்சிடவும், மாற்றி அமைக்கவும், விற்கவும் கூட எவருக்கும் உரிமை உண்டு.

வரலாறு

ஐக்கிய இராச்சியத்தின் தேசிய நிலப்பட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே அரசுக்கு உரியது. ஆயினும் அக்காலத்தில் அதன் தரவைப் பயன்படுத்தக் கட்டணமும் கட்டுப்பாடுகளும் இருந்தன. இதற்கு மாற்றாகவே இத்திட்டம் தோன்றியது. புவியிடங்காட்டிச் செய்மதிகளின் குறிகையில் ஐக்கிய அமெரிக்கா வேண்டுமென்றே ஏற்படுத்தி வந்த பிழை 2000 மே மாதம் நீக்கப்பட்டிருந்தது. அதன்பின் விலை குறைந்த கருவிகளும் சில மீட்டர் துல்லியத்துடன் இடத்தைக் காட்டின. தொடக்ககாலத் தன்னார்வலர்கள் இக்கருவிகளுடன் நடந்தும் மிதிவண்டியில் சென்றும் தெருக்களைப் பதிவு செய்தனர்.

2006 ஆம் ஆண்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை நிறுவப்பட்டது. அதே ஆண்டு யாஹூ நிறுவனமும், 2010 இல் மைக்ரோசாப்ட் நிறுவனமும் தமது வான்படங்களின் மேல் வரைய அனுமதி அளித்தன. இதனால் நேரில் செல்லாமலேயே சாலைகளையும் கட்டடங்களையும் வரைவது இயலக்கூடியதாயிற்று. 2012 செப்டம்பர் மாதம் திட்டத்தின் தரவு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலிருந்து திறந்த தரவுத்தள உரிமத்திற்கு மாற்றப்பட்டது.

தரவின் அமைப்பு

நிலப்படத்தில் உள்ள அனைத்தும் மூன்று வகைக் கூறுகளால் ஆனவை.

புள்ளி: ஓர் இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் கொண்டது. கிணறு, பேருந்து நிறுத்தம், தேநீர்க்கடை போன்றவற்றைக் குறிக்கும்.

வழி: புள்ளிகளை வரிசையாக இணைக்கும் கோடு. தெரு, ஆறு, கால்வாய் போன்றவற்றைக் குறிக்கும். தொடங்கிய புள்ளியிலேயே முடியும் வழி ஏரி, கட்டடம் முதலிய பரப்புகளைக் குறிக்கும்.

தொடர்பு: பல கூறுகளின் தொகுப்பு. பேருந்துத் தடம், மாவட்ட எல்லை ஆகியன இவ்வகையின.

ஒரு கூறு எதைக் குறிக்கிறது என்பதை அதனுடன் சேர்க்கப்படும் குறிச்சொற்கள் தெரிவிக்கும். ஒவ்வொரு குறிச்சொல்லும் ஒரு திறவுச்சொல்லையும் ஒரு மதிப்பையும் கொண்டது. ஒவ்வொரு தொகுப்பும் அதன் வரலாற்றுடன் சேமிக்கப்படுவதால், பிழையான தொகுப்புகளை மீளமைக்க முடியும்.

பயன்படுத்தும் வழிமுறைகள்

ஆயங்களைக் கொண்டு தேடல்

தேடல் பெட்டியில் ஊர்ப்பெயருக்குப் பதிலாக ஆயங்களையும் இடலாம். அகலாங்கை முதலிலும் நெட்டாங்கை இரண்டாவதாகவும் தர வேண்டும். சென்னைக்கு '13.08, 80.27' என இடலாம். இவ்வரிசை மாறினால் நிலப்படம் ஆர்க்டிக் பகுதியில் சுவல்பார்டு தீவுக்கூட்டத்தின் அருகே உள்ள கடலைக் காட்டும். ஜியோஜேசான் கோப்பு வடிவத்தில் நெட்டாங்கே முதலில் வரும் என்பதால், கோப்புகளிலிருந்து எண்களைப் படியெடுக்கும்போது இப்பிழை அடிக்கடி நேர்கிறது.

ஒரு பாகை அகலாங்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் ஆகும். ஆகவே பதின்மப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் சுமார் 11 மீட்டர் அளவிலும், ஐந்து இலக்கங்கள் சுமார் 1 மீட்டர் அளவிலும் இடத்தைச் சுட்டும். ஒரு வீட்டைக் குறிக்க ஐந்து இலக்கங்கள் போதும்.

முகவரிப் பட்டை

நிலப்படத்தை நகர்த்தும்போது உலாவியின் முகவரிப் பட்டையில் மூன்று எண்கள் மாறுவதைக் காணலாம். அவை முறையே உருப்பெருக்க நிலை, அகலாங்கு, நெட்டாங்கு ஆகும். அம்முகவரியைப் படியெடுத்து மின்னஞ்சலில் அனுப்பினால், பெறுபவர் அதே இடத்தை அதே அளவில் காண்பார். பகிர்வுப் பலகத்தின் வழியாகக் குறியிட்ட இணைப்பையும், அச்சிடத்தக்க பிடிஎஃப் கோப்பையும் பெறலாம். ஊர்க் கூட்டங்களிலும் பள்ளி வகுப்புகளிலும் பயன்படுத்த இவ்வச்சுப்படி ஏற்றது.

வலச்சொடுக்கு

நிலப்படத்தின் மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால், அவ்விடத்தின் முகவரி, அங்கிருந்து செல்லும் வழி, அருகிலுள்ள கூறுகளின் விவரம் ஆகியவற்றைக் கேட்டறியும் பட்டியல் தோன்றும். மகிழுந்து, மிதிவண்டி, நடை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக வழி காண இயலும்.

வினவல்

'ஓவர்பாஸ் டர்போ' என்பது தரவை வினவ உதவும் இணையக் கருவியாகும். ஒரு நகரத்தில் பதிவாகியுள்ள குடிநீர்க் குழாய்கள் அனைத்தையும், அல்லது ஒரு வட்டத்திலுள்ள மருத்துவமனைகள் அனைத்தையும் இதனைக் கொண்டு திரட்டலாம். வினவல் மொழி அறியாதோருக்கு வழிகாட்டி ஒன்றும் இதில் உண்டு. விடைகளைக் கோப்பாகப் பதிவிறக்கவும் முடியும். விடை எதுவும் கிடைக்காவிடில் அவ்வசதி அங்கு இல்லை என முடிவு செய்தல் கூடாது. அதனை எவரும் இன்னும் பதிவு செய்யவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும்.

சொந்த நிலப்படம் ஆக்கல்

பிரான்சு நாட்டுத் தன்னார்வலர் அமைப்பு வழங்கும் 'யூமேப்' என்ற கருவியைக் கொண்டு, அடிப்படை நிலப்படத்தின் மேல் சொந்தக் குறிகளை இட்டு வலைப்பக்கத்தில் பதிக்கலாம். திருவிழாவின் போது வாகனம் நிறுத்துமிடங்களைக் காட்டுதல் போன்ற தற்காலிகத் தேவைகளுக்கு இதுவே உகந்தது. இத்தகைய தற்காலிகச் செய்திகளைப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்த்தல் கூடாது.

இணைய இணைப்பின்றிப் பயன்படுத்தல்

'ஓஎஸ்எம்ஆண்ட்', 'ஆர்கானிக் மேப்ஸ்' ஆகிய செயலிகள் ஒரு பகுதியின் தரவை முன்கூட்டியே கைப்பேசியில் சேமித்துக்கொள்கின்றன. அதன்பின் இணைப்பு இல்லாத மலைப்பாதையிலும், புயலால் தொடர்பு அற்ற ஊரிலும் இடத்தைத் தேடவும் வழி காணவும் இயலும். புவியிடங்காட்டி செய்மதிக் குறிகையைக் கொண்டே இயங்குவதால் அதற்கு இணைப்பு தேவையில்லை. தேவை நேர்ந்தபின் பதிவிறக்க முயல்வதைவிட, புறப்படும் முன்னரே பதிவிறக்குதல் நன்று.

தொகுத்தல்

உலாவியிலேயே இயங்கும் 'ஐடி' என்னும் தொகுப்பி புதியவர்களுக்கு ஏற்றது. 'ஜோசம்' என்பது கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் தொகுப்பி. பெருமளவில் பங்களிப்போர் இதனை விரும்புவர். 'ஸ்ட்ரீட்கம்ப்ளீட்' என்ற ஆண்ட்ராய்டு செயலி, நடந்து செல்லும் பயனரிடம் தெருவின் பெயர், சாலையின் தன்மை முதலியவற்றைக் கேட்டு, அவர் தரும் விடைகளைத் தரவில் சேர்க்கிறது.

புதியவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பிற நிலப்படங்களைப் பார்த்துப் படியெடுத்தல் கூடாது. அது காப்புரிமை மீறலாகும். நேரில் கண்டவற்றையும், அனுமதி பெற்ற படங்களையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

2. வான்படங்கள் உண்மையான இடத்திலிருந்து சில மீட்டர் விலகியிருக்கலாம். பலர் பதிவு செய்த புவியிடங்காட்டித் தடங்களுடன் ஒப்பிட்ட பின்னரே வரைய வேண்டும்.

3. தனி வீடுகளில் வசிப்போரின் பெயர்களைச் சேர்த்தல் கூடாது.

4. தொகுப்புச் சுருக்கத்தில் மாற்றத்தின் காரணத்தைக் குறிப்பிட வேண்டும்.

தமிழில் பெயர்கள்

இந்தியாவில் பெரும்பாலான இடங்களின் முதன்மைப் பெயர் ஆங்கில எழுத்தில் பதியப்பட்டுள்ளது. தமிழ்ப் பெயரை அதற்குரிய தனிக் குறிச்சொல்லில் இட வேண்டும். முதன்மைப் பெயரை அழித்துவிட்டு அவ்விடத்தில் தமிழ்ப் பெயரை எழுதுதல் கூடாது. தமிழ்ப் பெயர் பதியப்பட்ட இடத்தைத் தமிழில் தேடிக் கண்டறியலாம். 'ஓஎஸ்எம்ஆண்ட்' செயலியின் அமைப்புகளில் தமிழைத் தெரிவு செய்தால் நிலப்படத்திலும் தமிழ்ப் பெயர்கள் தோன்றும்.

ஆங்கில எழுத்துக்கள் தமிழின் ல, ள, ழ வேறுபாட்டையும், குறில் நெடில் வேறுபாட்டையும் தெளிவாகக் காட்டுவதில்லை. ஆதலால் ஆங்கிலப் பெயரை மென்பொருளின் உதவியால் ஒலிபெயர்த்துச் சேர்ப்பது பிழையான ஊர்ப்பெயர்களை நிலைபெறச் செய்துவிடும். ஊர்ப் பலகை, பேருந்துப் பலகை ஆகியவற்றில் காணப்படும் வடிவத்தைச் சரிபார்த்த பின்னரே சேர்க்க வேண்டும். சிற்றூர்களின் தெருக்கள், ஊருணிகள், வாய்க்கால்கள் ஆகியவற்றின் பெயர்கள் அவ்வூரார் எழுதினாலன்றி நிலப்படத்தில் இடம்பெற வாய்ப்புக் குறைவு.

பேரிடர்க் காலப் பயன்பாடு

2010 சனவரி 12 அன்று எயிட்டி நாட்டில் நிலநடுக்கம் நிகழ்ந்தபோது, தலைநகர் போர்ட்டோ பிரின்சுக்கு விரிவான இணைய நிலப்படம் இல்லை. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் செய்மதிப் படங்களைக் கொண்டு சாலைகளையும், இடிந்த கட்டடங்களையும், முகாம்களையும் சில நாட்களில் வரைந்தனர். மீட்புக் குழுவினர் அதனைப் பயன்படுத்தினர். இதன் தொடர்ச்சியாக அதே ஆண்டு மனிதநேய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அணி நிறுவப்பட்டது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, இத்தரவின் மேல் அமைக்கப்பட்ட நிலப்படத்தில் நீர் சூழ்ந்த தெருக்களைப் பொதுமக்களே குறித்தனர். தெருக்கள் முன்னரே வரையப்பட்டிருந்தமையால், ஒரு தெருவைச் சொடுக்கிக் குறிப்பதே போதுமானதாக இருந்தது.

குறைகள்

தரவின் நிறைவு இடத்துக்கு இடம் வேறுபடும். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் வீட்டு எண்களும் பதிவாகியிருக்க, பிற நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் முதன்மைச் சாலை மட்டுமே காணப்படும். போக்குவரத்து நெரிசல் குறித்த நேரடித் தகவல் இத்தளத்தில் இல்லை.

எவரும் தொகுக்கலாம் என்பதால் விசமத் தொகுப்புகளும் நிகழ்கின்றன. 2018 ஆகஸ்டில் ஒருவர் நியூயார்க் நகரின் பெயரை இழிவான சொல்லாக மாற்றினார். அது விரைவிலேயே திருத்தப்பட்டது. எனினும் பழைய தரவைக் கொண்டிருந்த வேறு செயலிகளில் அச்சொல் பின்னர் வெளிப்பட்டது. ஆகவே இத்தரவைத் தமது மென்பொருளில் பயன்படுத்துவோர் அதனைச் சரிபார்த்துக்கொள்வதும், அடிக்கடி இற்றைப்படுத்துவதும் அவசியமாகும்.

சர்ச்சைக்குரிய எல்லைகள் களத்தில் நிலவும் கட்டுப்பாட்டின் அடிப்படையில் வரையப்படுகின்றன. இவை இந்திய அரசின் அதிகாரப்பூர்வ எல்லையிலிருந்து வேறுபடும். இந்தியாவில் நிலப்படம் வெளியிடுவோர் இந்திய நில அளவைத் துறையின் எல்லைகளைப் பயன்படுத்த வேண்டும்.

உரிமம்

தரவைப் பயன்படுத்துவோர் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்ற குறிப்பை நிலப்படத்தில் காட்ட வேண்டும். தரவை மேம்படுத்தி வெளியிட்டால், மேம்படுத்திய தரவுத்தளத்தையும் இதே உரிமத்தில் வழங்க வேண்டும். தளத்தின் நிலப்படத் துண்டுகளை மொத்தமாகப் பதிவிறக்க அனுமதி இல்லை. அவற்றை வழங்கும் வழங்கிகள் நன்கொடையால் இயங்குகின்றன. மொத்தத் தேவைகளுக்கு உலகத் தரவு முழுவதும் அடங்கிய கோப்பையோ, நாடு வாரியாகப் பிரிக்கப்பட்ட கோப்புகளையோ பதிவிறக்கிக்கொள்ளலாம்.