குந்தி வேடத்துக்கு முன்னால் ஒரு முதலாளி

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் காதில் விழும். இந்தப் பக்கத்துச் சினிமா வரலாறும் அப்படிக் கலந்ததுதான். 1965-ல் தர்மபுரி மாவட்டம் பிரியும்வரை ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில் இருந்தன. அந்தச் சேலத்தில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-ல் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு.சின்னப்பாவுக்கு ஜோடி எம்.வி.ராஜம்மா. பெங்களூருக்கு அப்பால், சென்னபட்டணா வட்டாரத்தில் பிறந்த கன்னடப் பெண்.

அவர் வந்தது நாடக மேடையிலிருந்து. அன்றைய பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் வேடத்தையும் பையன்களே கட்டினார்கள். பெண் மேடையேறினால் குடும்பப் பெண் என்ற பெயர் போய்விடும். ‘கூத்தாடி’ என்ற ஏச்சுதான் மிஞ்சும். முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) நாயகி டி.பி.ராஜலட்சுமியைச் சொந்த உறவுகளே ஒதுக்கிவைத்தன. அதே படத்தைக் காசு கொடுத்துப் பார்த்துக் கைதட்டியதும் அந்தச் சமூகம்தான். இந்த இரட்டை வேஷத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ராஜம்மா சந்திரகலா நாடக மண்டலியில் நடித்தார். அந்தக் குழு மேடையில் ஆடிய ‘சம்சார நௌகா’வை 1936-ல் சென்னையின் தேவி ஃபிலிம்ஸ் படமாக்கியது, இயக்கம் எச்.எல்.என்.சிம்ஹா. மேடையில் நடித்த ராஜம்மாவும் பி.ஆர்.பந்துலுவும் திரையிலும் ஜோடியானார்கள். அதன் பிறகு தமிழில் ‘குமாஸ்தாவின் பெண்’ உட்படப் பல படங்கள்.

1943-ல் அவர் செய்த காரியம்தான் பெரிது. விஜயா ஃபிலிம்ஸ் என்ற பெயரில் சொந்தக் கம்பெனி தொடங்கி ‘ராதா ரமணா’வைத் தயாரித்தார். கன்னடப் படவுலகின் முதல் பெண் தயாரிப்பாளர் அவரே. நடிகை என்றாலே முகம் சுளித்த காலத்தில், கூலி வாங்கும் இடத்திலிருந்து கூலி கொடுக்கும் இடத்துக்கு ஒரு பெண் நகர்ந்தார். அவருக்கு ஜோடியாக நடித்த பந்துலுவும் பின்னாளில் தயாரிப்பாளரானார். ஆனால் அவருடைய பத்மினி பிக்சர்ஸ் படங்கள் வரத் தொடங்கியதே 1950-களில்தான்.

ஆனால் நாயகர்களுக்குக் கிடைத்த நீண்ட ஆயுள் நாயகிகளுக்குக் கிடைக்கவில்லை. பந்துலு தயாரித்து இயக்கிய ‘கர்ணன்’ (1964) படத்தில் ராஜம்மா குந்தி. மகனாக நடித்த சிவாஜியைவிட அவர் சில வயதே மூத்தவர். அம்மா வேடத்துக்கு அவரைத் தள்ளியது வயது மட்டுமல்ல.

‘கர்ணன்’ 2012-ல் புதுப்பொலிவுடன் மறுபடி வெளியாகி ஓடியது. இன்றும் தொலைக்காட்சியில் வருகிறது. அடுத்த முறை பார்க்கும்போது குந்தியைக் காட்டி உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: இந்தப் படத்தை எடுத்தவருக்கு முன்பே படம் எடுத்தவர் இந்த அம்மா.