கடல் கொண்ட நகரும் கடல் விலகிய கரையும்: முத்துக்குளித்துறை சார்ந்த தொன்மைப் புனைவுகளும் வாசக ஏற்பும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழரின் எழுத்துக்கு முற்பட்ட காலத்தைக் களமாகக் கொண்ட புனைவுகள் வாசகரால் பெரும்பாலும் வரலாறாகவே ஏற்கப்பட்டு வந்துள்ளன. இவ்வேற்பின் தன்மையைப் பாண்டியரின் பழந்துறையான கொற்கை முதல் இன்றைய தூத்துக்குடி வரையிலான முத்துக்குளித்துறையை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கபாடபுரத் தொன்மம், அதனை விரித்த நா. பார்த்தசாரதியின் நாவல், அத்தொன்மத்தை நிலவியல் நோக்கில் வாசித்த சு. கி. ஜெயகரனின் ஆய்வு, ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் ஆகியன ஒப்பிடப்படுகின்றன. கடலுள் மூழ்கிய நகரைத் தேடும் வாசிப்பு, கரையிலேயே கிடைக்கும் சான்றுகளையும் அக்கரை மாந்தரின் நினைவுகளையும் பின்னுக்குத் தள்ளியுள்ளது என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: கபாடபுரம், கொற்கை, முத்துக்குளித்தல், வாசக ஏற்பு, தேரி, ஆதிச்சநல்லூர், வரலாற்று நாவல்.

முன்னுரை

ஒரு பனுவலின் பொருள் அதன் ஆசிரியரோடு முடிந்துவிடுவதில்லை. அதனைக் கையிலெடுக்கும் வாசகர் எதை எதிர்பார்த்து வருகிறாரோ, அதற்கேற்பவும் பொருள் உருவாகிறது. செருமானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாஸ் 1967ஆம் ஆண்டு கான்ஸ்டன்சு பல்கலைக்கழக உரையில் முன்வைத்த வாசக ஏற்புக் கோட்பாட்டின் மையக் கருத்து இதுவே. எழுத்துச் சான்றுகள் குறைந்த தொல்பழங்காலத்தைப் பற்றிய புனைவுகளுக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். சோழர் காலத்தைப் பற்றிய நாவலைக் கல்வெட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க இயலும். கபாடபுரத்தைப் பற்றிய நாவலை அவ்வாறு சரிபார்க்க ஒரு கல்வெட்டும் இல்லை. அவ்விடைவெளியை நிரப்புவது வாசகரின் விருப்பமே.

உரையாசிரியர் தந்த அடித்தளம்

இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களின் வரலாற்றைக் கூறுகிறது. தலைச்சங்கம் 4440 ஆண்டுகளும், கபாடபுரத்தில் இருந்த இடைச்சங்கம் 3700 ஆண்டுகளும், கடைச்சங்கம் 1850 ஆண்டுகளும் நிலவின என்பது அவ்வுரையின் கணக்கு. மூன்றும் சேர்ந்தால் 9990 ஆண்டுகள். சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார், பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடைப்பட்ட 700 காவதப் பரப்பையும் அதில் இருந்த 49 நாடுகளையும் கடல் கொண்டது என்று விரித்துரைத்தார்.

கபாடம் என்ற பெயருக்கும் முத்துக்கும் உள்ள தொடர்பு கவனிக்கத்தக்கது. வால்மீகி இராமாயணம் பாண்டியரின் கபாடத்தை முத்தும் மணியும் அணிந்ததாகக் குறிக்கிறது. அங்குக் கபாடம் என்பது நகரின் பெயரா, கோட்டை வாயிலின் கதவா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் முத்து வகைகளைப் பட்டியலிடும்போது தாம்ரபர்ணிகத்தை அடுத்துப் பாண்டியகவாடகம் என்பதனையும் கூறுகிறது. ஆகவே, கபாடபுரத்தை எங்குத் தேடினாலும் அத்தேடல் தாமிரபரணி கடலில் கலக்கும் கரைக்கே வந்து சேர்கிறது.

இவ்வுரைகளை 20ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் ஒரே வகையில் வாசிக்கவில்லை. பி. தி. சீனிவாச ஐயங்கார், கே. என். சிவராசபிள்ளை, ச. வையாபுரிப்பிள்ளை ஆகியோர் முச்சங்கக் கணக்கை வரலாறாக ஏற்கத் தயங்கினர். மறைமலையடிகள், தேவநேயப் பாவாணர், கா. அப்பாதுரை ஆகியோர் அதனைத் தமிழரின் இழந்த தாயகத்திற்கான சான்றாகக் கொண்டனர். விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864ஆம் ஆண்டு மடகாசுகரின் இலெமூர் விலங்குகளை விளக்கக் கற்பித்த இலெமூரியாக் கண்டம், இவ்விரண்டாம் வாசிப்புக்கு அறிவியலின் சாயலை அளித்தது. 1981ஆம் ஆண்டு மதுரையில் நடைபெற்ற ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் குமரிக்கண்டம் பற்றிய ஆவணப்படம் அரசு ஆதரவுடன் திரையிடப்பட்டபோது, உரைச்செய்தி பொது நினைவாகவே மாறியிருந்தது.

புனைவில் கபாடபுரம்

நெல்லைச் சீமையோடு நெருங்கிய உறவுடைய புதுமைப்பித்தன் 'கபாடபுரம்' என்னும் பெயரில் ஒரு சிறுகதை எழுதியுள்ளார். அதே பெயரில் நா. பார்த்தசாரதி எழுதிய நாவல் பரவலான வாசகரைச் சென்றடைந்தது. இந்நாவலின் இளவரசன் சாரகுமாரன். அவன் தந்தை அநாகுல பாண்டியன். இவ்விரு பெயர்களும் அடியார்க்குநல்லார் உரையில் உள்ளவை. சாரகுமாரன் இசையறிவதற்காகச் சிகண்டி முனிவர் இசைநுணுக்கம் என்னும் நூலைச் செய்தார் என்கிறது அவ்வுரை. பாணர் குலப்பெண் கண்ணுக்கினியாளுக்கும் இளவரசனுக்கும் இடையிலான காதலை நாவலாசிரியர் அவ்விசைச் செய்தியின்மீது கட்டி எழுப்பினார்.

இக்கட்டமைப்பு இரு வேறு வாசகரை உருவாக்குகிறது. உரையை முன்னரே கற்றவருக்கு நாவல், உரைச்செய்தியின் கற்பனை விரிவாகத் தோன்றும். எது பெறப்பட்டது, எது புனையப்பட்டது என்பதை அவர் பிரித்தறிவார். உரையைக் கற்காதவருக்கோ நாவலே முதல் மூலமாகிறது. அரசனின் பெயர், நகரின் அமைப்பு, கடல்வாணிகம் ஆகிய அனைத்தையும் ஒரே தளத்தில் அவர் ஏற்றுக்கொள்கிறார். பின்னர் உரைச்செய்தியைக் கேட்க நேரும்போது, நாவலில் படித்தது மெய்ப்பிக்கப்பட்டதாகவே உணர்கிறார். ஒன்றிலிருந்து பிறந்த இரண்டு பனுவல்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் இச்சுழற்சியே தொன்மைப் புனைவின் நம்பகத்தன்மைக்கு அடிப்படை எனலாம். ஜெயமோகன் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட 'கொற்றவை', தன்னைப் புதுக்காப்பியம் என அறிவித்துக்கொண்டதன் வழியாக இச்சுழற்சியிலிருந்து ஓரளவு விலகியது. கடல்கோளைத் தொன்மமாகவே வாசிக்கும்படி அதன் மொழிநடை வாசகரைக் கேட்டுக்கொள்கிறது.

நிலவியலாளரின் வாசிப்பு

நிலவியலாளர் சு. கி. ஜெயகரன் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட 'குமரி நில நீட்சி' உரைச்செய்தியை முற்றாக ஒதுக்கவில்லை. அதனை நிலவியல் அளவுகோலில் வைத்துப் பார்த்தது. கண்டத்தட்டு நகர்வுக் கொள்கை நிலைபெற்றபின் இலெமூரியாக் கண்டத்திற்கு இடமில்லை. எனினும் இறுதிப் பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது குமரிமுனைக்குத் தெற்கே ஒரு சிறு பரப்பு மூழ்கியது என்று அந்நூல் விளக்கியது.

மன்னார் வளைகுடாவுக்கு இவ்விளக்கம் நன்கு பொருந்துகிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தூத்துக்குடிக்கு எதிரே முத்துச்சிப்பி விளையும் பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் உள்ளன. அப்படியானால், 10,000 ஆண்டுகளுக்கு முன்னர்கூட அப்பார்கள் பல நிலமாகவே இருந்திருக்க வேண்டும். கடல் நிலத்தைக் கொண்டது உண்மை. ஆனால் அந்நிலத்தில் வாழ்ந்திருக்கக்கூடியோர் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த மக்கள். மாடமாளிகையும் சங்கப்பலகையும் அக்காலத்திற்குரியன அல்ல.

கடல் விலகிய கரை

கபாடபுரத் தொன்மத்தில் கடல் முன்னேறுகிறது. கொற்கையின் வரலாற்றில் நடந்தது இதற்கு மாறானது. பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூலும் தாலமியும் குறிக்கும் இத்துறை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே ஓர் ஊராக உள்ளது. கொற்கையையும் காயலையும் 1870களில் நேரில் ஆராய்ந்த கால்டுவெல், தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கடலைத் தள்ளியதால் துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கும் பின்னர்த் தூத்துக்குடிக்கும் இடம்பெயர்ந்தது என்று விளக்கினார். 1968-69ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை கொற்கையில் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரிமாதிரி, கி.மு. 8ஆம் நூற்றாண்டு அளவில் அங்கு வாழ்விடம் இருந்ததைக் காட்டியது.

அதற்கும் முற்பட்ட காலம் கடலுக்குள் மறைந்து கிடக்கவில்லை. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த செம்மணல் தேரிகளில் நுண்கற்கருவிகள் கிடைத்தன. அவற்றைப் பற்றி ஃப்ரெடரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956ஆம் ஆண்டு விரிவான ஆய்வு வெளியிட்டனர். ஆதிச்சநல்லூரின் தாழிகளை 1876ஆம் ஆண்டு யாகோரும், 1899 முதல் அலெக்சாந்தர் ரீயும் வெளிக்கொணர்ந்தனர். 2004-05 அகழாய்வில் 160க்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டுசெல்லும் அறிக்கையைத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் வெளியிட்டது. அக்கணிப்பு குறித்த விவாதம் தொடர்வதே அது ஆய்வுக்குரிய சான்று என்பதைக் காட்டுகிறது. மூழ்கிய நகரைப் பற்றி அத்தகைய விவாதம் நிகழ இயலாது. அதனை மறுக்கவோ நிறுவவோ உதவும் பொருள் எதுவும் அங்கில்லை.

கொற்கை என்னும் பெயர்

ஜோ டி குரூஸ் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட நாவலுக்குக் 'கொற்கை' என்று பெயரிட்டார். அது 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. பெயரை மட்டும் அறிந்து நூலைத் திறக்கும் வாசகர் பாண்டியரின் முத்துத்துறையை எதிர்பார்ப்பார். நூலில் அவர் காண்பதோ 1914 முதல் 2000 வரையிலான தூத்துக்குடி. தோணிகளும், அவற்றின் உடைமையாளரும், கொழும்பு வாணிகமும், திருச்சபையும், பரதவர் சமூகத்தின் ஏற்ற இறக்கங்களும் அதில் இடம்பெறுகின்றன. பழந்துறையின் பெயர் சமகால மாந்தருக்கு உரிமையாக்கப்படுவதே அத்தலைப்பின் பொருள் எனக் கொள்ளலாம்.

கபாடபுரத்தை வாசிப்பவர் அதில் பொதுவான தமிழ்ப் பெருமையைக் காண்கிறார். கொற்கையை வாசிக்கும் கரையூரார் அதில் தம் உறவினரைத் தேடுகிறார். சமூகத்தின் அகவாழ்வையும் திருச்சபையோடு அதற்குள்ள உறவையும் நாவல் ஒளிவின்றிப் பேசியதால், கடற்கரையில் பெருமிதத்தோடு மனத்தாங்கலும் எழுந்தது. மணப்பாட்டைக் களமாகக் கொண்ட வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977), ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) ஆகிய நாவல்களோடு சேர்த்து நோக்கும்போது, மறுப்பதற்கும் உரிமையுடைய வாசகர் இக்கரையில் இருப்பது புலனாகிறது. சாரகுமாரனைப் பற்றி எழுதினால் மறுப்புச் சொல்லும் வழித்தோன்றல் எவரும் இல்லை. தொன்மைப் புனைவு வாசகருக்கு அளிக்கும் நிம்மதி இதனால் விளைவது.

அந்நிம்மதிக்கு ஒரு விலையும் உண்டு. பழம்பனுவல்கள் பலவற்றில் முத்து அரசரின் அணியாகவும் வாணிகப் பொருளாகவும் தோன்றுகிறது. பெரிப்ளூஸ் குளித்தவரைக் குறிக்கும் இடத்தில் அவரைத் தண்டனை பெற்ற கைதி என்கிறது. குளியாளின் மூச்சு, சுறாவை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி, சம்மாட்டிக்கும் குளியாளுக்கும் இடையே சிப்பி பங்கிடப்பட்ட முறை ஆகியன மூழ்கிய நகரின் கதையில் இடம்பெறுவதில்லை.

முடிவுரை

முத்துக்குளித்துறை சார்ந்த தொன்மைப் புனைவுகளின் வாசக ஏற்பில் மூன்று நிலைகள் காணப்படுகின்றன. உரையும் புனைவும் ஒன்றையொன்று மெய்ப்பிப்பதாகக் கொள்வது முதல் நிலை. தொன்மத்தை நிலவியலோடு வைத்து அளப்பது இரண்டாம் நிலை. பழம்பெயரை வாழும் சமூகத்தின் நினைவோடு சேர்த்து உசாவுவது மூன்றாம் நிலை. முதல் நிலை பரவலானது; ஏனைய இரண்டும் ஆய்வுக்குப் பயன்தருவன.

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அன்று இருபது வயதில் கடலுள் இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார். கபாடபுரத்தைத் தேடுவோர் எத்தனை ஆண்டு வேண்டுமாயினும் காத்திருக்கலாம். இக்குளியாட்களின் நினைவுகளைப் பதிவு செய்வதற்கு அத்தகைய கால வசதி இல்லை. இக்கரையின் புனைவுகளை ஆராய்வோர் அப்பதிவையும் தம் பணியின் பகுதியாக, உடனடியாக, மேற்கொள்ள வேண்டும்.