மேப்பிள் பாகின் பதம் பார்த்த வீட்டுக் கருவிகள்

மேப்பிள் பாகு என்பது சர்க்கரை மேப்பிள் மரத்தில் வடியும் சாற்றைச் சுண்டக் காய்ச்சி எடுக்கப்படும் இனிப்புப் பாகு ஆகும். கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் அமெரிக்காவின் வெர்மான்ட், நியூயார்க், மெய்ன் மாநிலங்களிலும் இது பெருமளவில் தயாராகிறது. இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் குளிர்காலக் கடைசியில், சில வாரங்கள் மட்டுமே சாறு வடியும். அதில் சர்க்கரை சுமார் 2 விழுக்காடுதான். ஏறத்தாழ 40 லிட்டர் சாறு காய்ந்தால்தான் 1 லிட்டர் பாகு கிடைக்கும். இவ்வளவு விறகையும் உழைப்பையும் செலவிட்ட பிறகு, எந்த நொடியில் பாகை இறக்குவது என்பதே இத்தொழிலின் பெரிய கேள்வி.

தொடக்கத்தில் இக்கேள்வி அவ்வளவு கூர்மையாக இருக்கவில்லை. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே சாற்றைப் பயன்படுத்திய ஒஜிப்வே முதலிய பூர்வகுடி மக்கள், சாற்றைப் பெரும்பாலும் சர்க்கரையாகவே காய்ச்சி பிர்ச் மரப்பட்டைப் பெட்டிகளில் சேமித்தனர். குடியேறிய விவசாயிகளும் நெடுங்காலம் அவ்வாறே செய்தனர். கொதிக்கும் பாகைப் பனியின் மேல் ஊற்றி, அது பிசின்போல் இறுகுகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு சுள்ளியை வளையமாக வளைத்துப் பாகில் தோய்த்து ஊதுவதும் உண்டு. குமிழி நீண்டு வந்தால் சர்க்கரைப் பதம். நம் சமையலறையின் கம்பிப் பதமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். பதம் சற்றுத் தவறினாலும் பெரிய இழப்பில்லை. கட்டியை உருக்கி மறுபடி காய்ச்சிக் கொள்ளலாம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரும்புச் சர்க்கரை மலிந்தது. மேப்பிள் சர்க்கரையால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. விவசாயிகள் தகர டப்பாக்களில் பாகு விற்கத் தொடங்கினர். அளவீட்டுச் சிக்கல் பிறந்தது இங்கேதான். பாகு நீர்த்திருந்தால் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். அதிகம் காய்ந்தால் டப்பாவின் அடியில் கற்கண்டு படியும். அளவும் குறைவதால் நட்டமும் விற்பவருக்கே. சாதாரண வெப்பநிலையில் நீரில் சர்க்கரை சுமார் 67 விழுக்காடு வரையே கரையும். ஆகவே பாகுக்குரிய 66 விழுக்காடு என்ற குறி, அந்த எல்லையை ஒட்டி நிற்கும் மெல்லிய கோடு.

அந்தக் கோட்டைப் பிடிக்க முதலில் கைகொடுத்தது அகப்பை. அதைப் பாகில் முக்கித் தூக்கிச் சரித்தால், நீர்த்த பாகு துளித்துளியாகச் சொட்டும். பதமான பாகு விளிம்பில் ஒன்றுசேர்ந்து திரைபோல் தொங்கி விழும். பழகிய கைக்கு இது போதும். புதியவருக்குப் போதாது.

வெப்பமானி அதைவிட நம்பகமானது. கொதிநீரைவிட ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் அதிகமாகப் பாகு கொதித்தால் பதம் வந்துவிட்டது என்று பொருள். ஆனால் நீரின் கொதிநிலை இடத்தின் உயரத்தோடும் அன்றைய காற்றழுத்தத்தோடும் மாறும். 300 மீட்டர் உயர்ந்தாலே சுமார் 1 பாகை குறைந்துவிடும். அதனால் கெட்டிக்காரர்கள் அன்றன்று ஒரு பாத்திரத்தில் வெறும் நீரைக் கொதிக்கவைத்து, அங்கிருந்து 4 பாகையை எண்ணினர். விலையில்லாத இந்தச் சோதனை, விலை கொடுத்து வாங்கிய வெப்பமானியின் பிழையையும் சேர்த்தே திருத்திவிடுகிறது.

நீர்மமானியின் கதை வேறு. பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோலும், பின்னர் ஜெர்மானியர் அடோல்ஃப் பிரிக்ஸ் பெயரால் வழங்கும் அளவுகோலும் பாகுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. கண்ணாடி மிதவையைக் கடையில் வாங்கினாலும், அதை மிதக்கவிடும் ஆழமான குவளையைக் குழாய்த் துண்டின் ஓர் முனையை அடைத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மிதவையையும் செய்ய இயலும்: ஒரு முனை மூடிய மெல்லிய குழாயில் மணல் இட்டு, 66 கிராம் சர்க்கரையை 34 கிராம் நீரில் கரைத்த கரைசலில் மிதக்கவிட்டு, அது நிற்கும் இடத்தில் கோடு போட்டால் குளிர்ந்த பாகுக்குரிய குறி கிடைத்துவிடும்.

சூடான பாகுக்கு அந்தக் கோடு பொருந்தாது. குளிர்ந்தபின் 66 காட்ட வேண்டிய பாகு, கொதிநிலையை ஒட்டிய சூட்டில் சுமார் 59 தான் காட்டும். குவளை சில்லென்றிருந்தால் பாகு சட்டென ஆறிக் கெட்டியாகி மிதவையை மேலே தூக்கும். பதம் வந்துவிட்டதென்று நம்பி இறக்கினால், டப்பாவுக்குள் போவது நீர்த்த பாகு. குவளையை முன்கூட்டியே சூடேற்றுவதன் காரணம் இதுவே. ஈயப் பற்றுவைத்த குவளையும் ஈயக் குண்டு நிரப்பிய மிதவையும் இன்னொரு ஆபத்து. மிதவை உடைந்தால் அந்தப் பாகை வீசி எறிவதைத் தவிர வழியில்லை.

தராசு இதில் அதிகம் பேசப்படாத கருவி. அறை வெப்பநிலையில் 100 மில்லிலிட்டர் பாகு சுமார் 132 கிராம் இருக்க வேண்டும். 128 அல்லது 129 கிராம்தான் என்றால் சர்க்கரை 60 விழுக்காட்டு அளவிலேயே நிற்கிறது.

சாற்றின் இனிப்பை அளந்து விளைச்சலைக் கணிக்க, வெர்மான்ட் வேளாண் ஆய்வு நிலையத்தின் சி. எச். ஜோன்ஸ் தந்த 86ஆம் எண் விதி உதவியது. 86ஐச் சாற்றின் சர்க்கரை விழுக்காட்டால் வகுத்தால், 1 கேலன் பாகுக்கு எத்தனை கேலன் சாறு தேவை என்பது தெரியும். 2 விழுக்காடு என்றால் 43. 3 விழுக்காடு என்றால் 29க்கும் குறைவு. எந்த மரத்துச் சாறு எவ்வளவு விறகைத் தின்னும் என்பதைக் காய்ச்சும் முன்பே அறிய இந்த ஒரு கணக்குப் போதும்.

நிறத்தைத் தரம்பிரிக்க, கருக்கிய சர்க்கரையைக் கிளிசரினில் கரைத்த மாதிரிக் குப்பிகள் பயன்பட்டன. அவை நாளடைவில் நிறம் மாறின. 1950களில் அமெரிக்க வேளாண் துறையின் பிலடெல்பியா ஆய்வகம் நிறமாறாத கண்ணாடித் தகடுகளை உருவாக்கியது. அதன் பிறகும், ஒவ்வொரு நாள் காய்ச்சலிலிருந்தும் ஒரு குப்பி எடுத்துக் கொட்டகைச் சன்னலில் வரிசையாக வைக்கும் பழக்கம் நின்றுவிடவில்லை. பருவத் தொடக்கத்தில் இளம்பொன்னாக இருக்கும் வரிசை, மரங்கள் மொட்டுவிடும் நாள் நெருங்க நெருங்கக் கருமை ஏறிச் செல்லும்.