மசோதா

மசோதா (பெயர்ச்சொல்): சட்டமாகும் முன் அவையில் வைக்கப்படும் வரைவு. ‘கறுப்பு’ என்னும் பொருளுடைய அரபு வேரில் பிறந்த ‘முசவ்வதா’, மையால் கறுத்த முதல் வரைவைக் குறித்தது. இந்துஸ்தானி வழியே தமிழுக்கு வந்தது. தமிழக அரசு வழக்கில் சட்டமுன்வடிவு, இலங்கையில் சட்டமூலம்.

அடித்தல் திருத்தலுக்கு உரிய முதல் வரைவு என்ற பழம்பொருள் இந்திய நாடாளுமன்றக் குழு அறையில் இன்றும் பொருந்தும். குழு சாட்சிகளை அழைத்து விசாரிக்கும். பிரிவு பிரிவாகப் படித்துச் சொற்களைச் சேர்க்கும், நீக்கும். உடன்படாத உறுப்பினர் தம் மாற்றுக் கருத்தை எழுதி அறிக்கையில் இணைக்கலாம். 2019 டிசம்பரில் கூட்டுக் குழுவுக்குப் போன தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவுக்கு, குழு 2021 டிசம்பரில் 81 திருத்தங்களைப் பரிந்துரைத்தது. 2022 ஆகஸ்டில் அரசு அந்த மசோதாவையே திரும்பப் பெற்றது. 2023இல் வேறொரு மசோதா வந்து சட்டமானது.